ஒவ்வாத அளவுகளின் வரலாறு

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஐந்தாம் ஆண்டு மாணவர் அறுவரைப் பள்ளித் திடலுக்கு அனுப்பி, நீண்ட அளவு நாடா ஒன்றைக் கையில் கொடுத்து, மூன்று அளவுகள் எடுத்து வரச் சொன்னேன். எங்கள் தோட்டப்பள்ளித் திடலில் வாயிற்கதவும் கொடிக்கம்பமும் மாமரமும் ஒரே நேர்கோட்டில் நிற்பன. கதவிலிருந்து கம்பம் வரை ஓர் அளவு. கம்பத்திலிருந்து மரம் வரை ஓர் அளவு. பின்னர்க் கதவிலிருந்து மரம் வரை நேரே ஓர் அளவு. முதலாவது 12.40 மீட்டர்; இரண்டாவது 17.65 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 30.05 வரவேண்டும். மூன்றாவதாக அவர்கள் அளந்ததோ 30.14. கணக்கு ஒன்பது சென்டிமீட்டர் இடித்தது.

குழுவுக்குத் தலைவியாக இருந்த சிறுமி சற்றும் தயங்கவில்லை. 30.14 என்ற எண்ணை அழிப்பானால் தேய்த்துவிட்டு, அவ்விடத்தில் 30.05 என அழகாக எழுதி என்னிடம் நீட்டினாள்.

"ஏனம்மா அழித்தாய்?" என்று கேட்டேன்.

"கூட்டுனா சரியா வரல ஐயா. நாங்கதான் தப்பா அளந்திருப்போம்னு மாத்திட்டேன்."

"மூன்றில் எது தப்பு என்று உனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு விடை தெரியவில்லை. எனக்கும் அவளைக் கடிந்துகொள்ள வாய் வரவில்லை; ஏனெனில் அதே காரியத்தை நானும் செய்தவன். ஆசிரியர் பயிற்சி பெற்றுவந்த காலத்தில், ஊசல் ஒன்றின் நீளத்தை மாற்றி மாற்றி அதன் ஆட்டக் காலத்தைக் குறிக்கும் சோதனையைச் செய்தோம். என் வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் ஏனையவற்றோடு சேராமல் தனித்து நின்றது. விரிவுரையாளர் அதனைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "மறுபடியும் செய்" என்று எழுதித் தந்தார். மறுபடி செய்ய நேரமில்லை. அந்த ஓர் எண்ணை மட்டும் மாற்றிப் புதிய தாளில் எழுதிக் கொடுத்தேன். முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண் இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது என்று சொன்னால் அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் அந்தச் சிறுமியின் அழிப்பானும் என் புதிய தாளும் தொட்டுச் சென்ற வினா, ஐரோப்பியப் பேரறிஞர்களை அரை நூற்றாண்டுக்கு மேல் அலைக்கழித்த வினாவே ஆகும். அவ்வரலாற்றை நம் ஆசிரியப் பெருமக்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வினாவைத் தெளிவாக வைத்துக்கொள்வோம். தெரியாத கணியம் இரண்டு என்றால் சமன்பாடு இரண்டு வேண்டும் என்று நாம் கற்பிக்கிறோம். பாடநூலில் வரும் சமன்பாடுகள் சொன்ன சொல் கேட்பவை. தீர்வு முழு எண்ணாக வந்து நிற்கும். அளவையிலிருந்து பிறக்கும் சமன்பாடுகள் அவ்வாறல்ல. கதவுக்கும் கம்பத்துக்கும் இடைப்பட்ட தூரத்தைக் 'க' என்போம். கம்பத்துக்கும் மரத்துக்கும் இடைப்பட்டதை 'ம' என்போம். க = 12.40; ம = 17.65; க + ம = 30.14. கணியம் இரண்டு, சமன்பாடு மூன்று. மூன்றையும் ஒருசேர நிறைவு செய்யும் எண்கள் உலகில் இல்லை. எந்த இரண்டை எடுத்துக்கொண்டாலும் மூன்றாவது மறுத்து நிற்கும். எதை நம்புவது? எதைத் தள்ளுவது?

ஒரே பொருளைப் பன்முறை அளந்து சராசரி காணும் வழக்கம் பழையது. டென்மார்க்கு நாட்டு வானநூலறிஞர் டைக்கோ பிராகி பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனைக் கையாண்டார். ஆனால் பல கணியங்கள் பின்னிக் கிடக்கும் சமன்பாடுகள் ஒன்றோடொன்று பிணங்கும்போது சராசரி என்பது யாது? இங்கேதான் எல்லோரும் திகைத்தனர்.

திகைத்தவர்களுள் முதலில் நிற்பவர் லெயோனார்டு ஆய்லர். அக்காலத்தில் அவருக்கு இணையான கணிதவாணர் எவரும் இலர். வியாழன் மெல்ல மெல்ல விரைவதும் சனி மெல்ல மெல்லப் பிந்துவதும் ஏன் என்ற வினாவுக்கு விடை காண்போர்க்குப் பாரிஸ் அறிவியற் கழகம் 1748-ஆம் ஆண்டுப் பரிசினை அறிவித்திருந்தது. ஆய்லர் கோட்பாட்டினை வகுத்தார். 1582 முதல் 1745 வரை பலர் பதிந்துவைத்த வானநோக்குக் குறிப்புகளை அதில் இட்டார். எழுபத்தைந்து சமன்பாடுகள் கிடைத்தன. தெரியாத கணியங்களோ பத்துக்குள்தான். இத்துணைச் செல்வம் கையில் இருந்தும் அவரால் அதனைச் செலவிட முடியவில்லை. சில சமன்பாடுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துச் சிற்சிலவற்றைக் கண்டார், பின்னர் நின்றுவிட்டார். பல சமன்பாடுகளைச் சேர்த்தால் அவற்றிலுள்ள பிழைகளும் சேர்ந்து பெருகும் என்பது அவர் அச்சம்.

அவ்வச்சத்தை எளிதில் ஏளனம் செய்தல் ஆகாது. ஒரு சென்டிமீட்டர் பிழையுடைய இரண்டு நீளங்களைக் கூட்டினால் இரண்டு சென்டிமீட்டர் வரை பிழை வரலாம் என்று நாமும் கரும்பலகையில் எழுதுகிறோம். கணிதவாணன் எப்போதும் மிகக் கெட்டதையே எண்ணிப் பார்ப்பான். ஆனால் பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய வேண்டும் என்ற கட்டாயம் உண்டா? ஒன்று கூடினால் மற்றொன்று குறையலாம் அல்லவா? இதனை ஏட்டில் கற்றவரைக் காட்டிலும் கருவியைக் கையில் பிடித்தவரே முதலில் உணர்ந்தார்.

அவர் டோபியாஸ் மாயர். 1723-இல் ஜெர்மனியின் மார்பாக்கு என்ற ஊரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். பல்கலைக்கழகப் படியை மிதியாமல் தாமே கணிதம் பயின்றவர். நூரம்பர்க்கு நகரில் நிலப்படம் வெளியிடும் நிறுவனம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். நிலப்படம் செம்மையுற வேண்டுமாயின் ஊர்களின் தீர்க்கரேகை தெரிய வேண்டும். அதற்கு நிலவின் இயக்கம் துல்லியமாகத் தெரிய வேண்டும். நிலவு நமக்கு ஒரே முகத்தைக் காட்டினும் அம்முகம் சற்றே அசைந்தாடுவது உண்டு. அவ்வசைவை அறிய, நிலவின் மேலுள்ள மணிலியசு என்னும் வட்டப்பள்ளத்தை 1748, 1749 ஆண்டுகளில் தம் தொலைநோக்கியால் மாயர் பலமுறை நோக்கினார். கணியங்கள் மூன்று, கிடைத்த சமன்பாடுகள் இருபத்தேழு.

மாயர் செய்தது இதுதான். இருபத்தேழு சமன்பாடுகளையும் ஒன்பது ஒன்பதாக மூன்று குழுக்களாக்கினார். கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கவில்லை. ஒரு கணியத்தின் கெழு எங்கெங்கு மிகப் பெரிய நேர் எண்ணாக வருகிறதோ அவ்வொன்பதும் முதற் குழு. எங்கெங்கு மிகப் பெரிய எதிர் எண்ணாக வருகிறதோ அவ்வொன்பதும் இரண்டாம் குழு. எஞ்சியவை மூன்றாம் குழு. ஒவ்வொரு குழுவையும் கூட்டி ஒரே சமன்பாடாக்கினார். மூன்று கணியம், மூன்று சமன்பாடு, பள்ளிப்பிள்ளையும் தீர்த்துவிடலாம். 1750-இல் இம்முறை அச்சேறியது.

ஆய்லர் அஞ்சிய இடத்தில் மாயர் துணிந்ததற்குக் காரணம் என்ன? ஆய்லர் கையில் இருந்தவை நூற்றறுபது ஆண்டுக் காலத்தில் யார் யாரோ, எந்தெந்தக் கருவியாலோ பதிந்தவை. மாயர் கையில் இருந்தவை தம் கண்ணால், தம் தொலைநோக்கியால், ஒரே முறையில் கண்டவை. தம் பிழையின் இயல்பு அவருக்குப் பழக்கமானது. ஆய்லரைக் குறை கூறுவோர் இவ்வேறுபாட்டை மறத்தல் கூடாது. மாயரிடமும் ஒரு பிசகு உண்டு. மூன்று நோக்குகளால் முடிவதை இருபத்தேழால் செய்தமையால் தம் விடை ஒன்பது மடங்கு நம்பத்தக்கது என்று அவர் கருதினார். உண்மையில் நம்பகம் வளர்வது எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பின்பற்றித்தான்; ஒன்பது மடங்கு உழைத்தால் மூன்று மடங்கே பயன். உழைப்புக்கேற்ற கூலி இயற்கையிடமும் கிடைப்பதில்லை போலும்! மாயர் 1762-இல், நாற்பது வயது நிறையுமுன் மறைந்தார். அவர் வகுத்த நிலவு அட்டவணைகளுக்காக ஆங்கில அரசு 1765-இல் அவர் மனைவிக்கு 3000 பவுன் வழங்கியது.

இதே காலத்தில் பூமியின் வடிவம் பற்றிய வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பூமி துருவங்களில் தட்டையானது என்றார் நியூட்டன். அது மெய்யாயின் ஒரு பாகை அட்சரேகையின் நீளம் நடுவரையருகே குறைவாகவும் வடக்கே செல்லச் செல்ல மிகுதியாகவும் இருக்க வேண்டும். இயேசு சபைத் துறவியாகிய போஸ்கோவிச், தம் சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர் கிறிஸ்டபர் மேருடன் சேர்ந்து, ரோமுக்கும் ரிமினிக்கும் இடைப்பட்ட தீர்க்கரேகை வில்லை 1750 முதல் 1752 வரை அளந்தார். பிறகு தம் அளவோடு வேறு நான்கினையும் வைத்துப் பார்த்தார். துவாசு என்பது அக்காலப் பிரெஞ்சு நீட்டலளவை, ஏறத்தாழ 1.95 மீட்டர். ஒரு பாகையின் நீளம் கீட்டோவில் 56,751 துவாசு, நன்னம்பிக்கை முனையில் 57,037, ரோமில் 56,979, பாரிசில் 57,074, லாப்லாந்தில் 57,422.

வாசகர்கள் இவ்வெண்களைச் சற்று நின்று நோக்க வேண்டுகிறேன். நன்னம்பிக்கை முனையைக் காட்டிலும் ரோம் நடுவரையிலிருந்து தொலைவில் உள்ளது. ஆயினும் அங்கே பாகை சிறுத்திருக்கிறது! கணியம் இரண்டே ஆதலால் இவ்வைந்தில் எந்த இரண்டை எடுத்தாலும் ஒரு விடை கிடைக்கும். அவ்வாறு பத்து இணைகள் உண்டு. போஸ்கோவிச் பத்தையும் கணக்கிட்டார். பூமியின் தட்டைத்தன்மை கீட்டோ–பாரிஸ் இணையால் ஏறத்தாழ 1/304, கீட்டோ–லாப்லாந்தால் 1/213, பாரிஸ்–லாப்லாந்தால் 1/128. ரோம்–நன்னம்பிக்கை முனை இணையோ பூமி துருவங்களில் தட்டையன்று, நீண்டு கூம்பியது என்று சாட்சி சொன்னது. அவ்விரண்டு இடங்களும் அட்சரேகையில் நெருங்கியவை. நெருங்கிய இரண்டு புள்ளிகளின் வழியே கோடு வரைந்து அதனை நெடுந்தொலைவுக்கு நீட்டினால் நூலளவு பிழையும் முழ அளவாகப் பெருகும். சமன்பாடுகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தால் அவற்றின் தீர்வு நம்பத்தக்கதன்று என்ற பாடத்தை, இரு கோடுகள் சிறு கோணத்தில் வெட்டும் படம் ஒன்றை வரைந்து நம் மாணவர்க்குக் காட்டிவிடலாம்.

போஸ்கோவிச் எந்தச் சாட்சியையும் விரட்டவில்லை. 1757-இல் இரு விதிகளை மொழிந்தார். ஐந்து அளவுகளுக்கும் திருத்தம் செய்க. கூட்டிய திருத்தங்களும் குறைத்த திருத்தங்களும் சமமாக இருக்கட்டும். திருத்தங்களின் மொத்தம், குறியை நோக்காது கூட்டும்போது, இயன்றவரை சிறிதாக இருக்கட்டும். இவ்வழியில் அவர் கண்ட விடை ஏறத்தாழ 1/248. இன்று நாம் அறிந்தது ஏறத்தாழ 1/298. விடையைவிட விதியே பெரிது. எது நல்ல தீர்வு என்பதைத் தீர்வு காணுமுன்பே சொல்லிவிட வேண்டும் என்ற நேர்மை அதில் இருந்தது. பின்னர் லாப்லாசும் இதனை எடுத்தாண்டார். ஆய்லர் விட்ட வியாழன்–சனிப் புதிரை 1780-களில் அவிழ்த்தவரும் லாப்லாசே. இருபத்து நான்கு சமன்பாடுகளை, மாயர் காட்டிய வழியை விரித்து, அவர் நான்காக்கினார்.

இனி வருவது இவ்வரலாற்றின் துயரப் பகுதி.

பிரெஞ்சுப் புரட்சி அரசு, உலக மக்கள் அனைவருக்கும் பொதுவான நீட்டலளவை ஒன்று வேண்டும் எனக் கருதி, துருவத்திலிருந்து நடுவரை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கை ஒரு மீட்டர் என 1791-இல் வகுத்தது. அதனைக் காண, டன்கர்க்கு முதல் பார்சலோனா வரை தீர்க்கரேகையை அளக்க வேண்டும். 1792-இல் இருவர் புறப்பட்டனர். வடபகுதி தெலாம்பருக்கு, தென்பகுதி மெஷேனுக்கு. மெஷேன் வானநோக்கில் கைதேர்ந்தவர். தம் அளவில் ஒரு குற்றமும் வரலாகாது என்று ஓயாது கவலைப்படும் இயல்பினர். அவர் கையில் இருந்த போர்டா வட்டம், ஒரே கோணத்தை மீண்டும் மீண்டும் அளந்து பிழையைத் தேய்த்துவிடும் புதுக் கருவி.

1792–93 குளிர்காலத்தில் பார்சலோனாவின் மொஞ்சுயிக்குக் கோட்டையிலிருந்து விண்மீன்களை நோக்கி அவ்விடத்தின் அட்சரேகையைக் கண்டார். அடுத்து நேர்ந்தவை கொடியவை. ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. நீரிறைக்கும் பொறி ஒன்றைப் பார்வையிடச் சென்ற இடத்தில் விபத்துக்குள்ளாகி நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கோட்டைக்குள் நுழையப் பிரெஞ்சுக்காரருக்கு இடமில்லை. ஊர் திரும்பவும் விடை கிடைக்கவில்லை. சும்மா இருக்க மனமின்றி, 1793–94 குளிர்காலத்தில் நகருக்குள் தாம் தங்கிய விடுதியிலிருந்தே மீண்டும் அட்சரேகையை அளந்தார். விடுதிக்கும் கோட்டைக்கும் இடைப்பட்ட தூரம் சிறிது. அதனை முக்கோண அளவையால் இணைத்துவிட்டால் இரண்டு விடைகளும் ஒத்துவர வேண்டும்.

ஒத்துவரவில்லை. மூன்று விகலைக்குச் சற்று மிகுந்த வேறுபாடு. பாகையில் 3600-இல் ஒரு பங்கு விகலை. தரையில் அது ஏறத்தாழ நூறு மீட்டர். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வில்லில் நூறு மீட்டர் என்பதை நாம் பெரிதாக எண்ணமாட்டோம். மெஷேன் எண்ணினார். தாம் செய்த பாவம் என்றே அதனைக் கருதினார். யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பும் வழி திறந்த பின்னும் இத்தாலியில் தங்கி நாட்களைக் கடத்தினார். இறுதியில், பல நாட்டு அறிஞர்கள் கூடிய ஆய்வுக் குழுவின்முன் கோட்டையில் கண்ட அளவுகளை மட்டும் ஒழுங்குபடுத்தி வைத்தார். மூலக் குறிப்பேடுகளைக் கொடுக்கவில்லை. குழு அவரைப் போற்றிற்று. 1799-இல் பிளாட்டினத்தால் மீட்டர் கோல் வார்க்கப்பட்டது. மெஷேன் பாரிஸ் வானாய்வகத்தின் தலைவரும் ஆனார். இருந்தும் அவருக்கு உறக்கமில்லை. வில்லைத் தெற்கே தீவுகள் வரை நீட்டி அளந்துவிட்டால் பார்சலோனாவின் அட்சரேகை தேவையற்றுப் போகும் என எண்ணி, 1803-இல் மீண்டும் ஸ்பெயினுக்குச் சென்றார். 1804 செப்டம்பரில் காஸ்தெயோன் என்னும் ஊரில் காய்ச்சல் கண்டு மாண்டார்.

அவர் விட்டுச்சென்ற ஏடுகள் தெலாம்பரிடம் வந்தன. தாளுக்குத் தாள் பென்சிலால் எழுதிய எண்கள். அழித்துத் திருத்திய தடங்கள். தெலாம்பர் அவற்றைத் தீயிலிடவில்லை. அரசின் பெருமைக்கு இழுக்கு என்று ஒளிக்கவுமில்லை. அழிபட்டவற்றை இயன்றவரை மீட்டுக் குறித்து, ஏடுகளை வானாய்வகத்தில் வைத்துப் போனார். அதனாலேயே இன்று நாம் இக்கதையை அறிகிறோம். நண்பனின் பிழையைக் காப்பதற்கும் நண்பனைக் காப்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறிந்தவர் அவர் என்பேன்.

மெஷேன் மறைந்த அடுத்த ஆண்டு, 1805-இல், லெஜாந்தர் வால்மீன்களின் பாதைகளைக் கணிப்பது பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதன் பின்னிணைப்பாக ஒன்பது பக்கங்கள். அவ்வொன்பது பக்கங்களில்தான் மீச்சிறு வர்க்க முறை உலகுக்கு வந்தது. திருத்தங்களை அப்படியே கூட்டாதே. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டு. அம்மொத்தம் மிகச் சிறிதாக இருக்கும்படி கணியங்களைத் தேர்ந்தெடு என்பதே அதன் சாரம்.

எங்கள் திடலுக்கு வருவோம். ஒன்பது சென்டிமீட்டர் பிணக்கை எவ்வாறு தீர்க்கலாம்? அச்சிறுமி செய்தது போல மூன்றாம் அளவின் மேலேயே பழி முழுவதையும் சுமத்தலாம். திருத்தம் 9, 0, 0. அல்லது மூன்றும் பங்கிட்டுக்கொள்ளலாம். திருத்தம் 3, 3, 3. போஸ்கோவிச்சின் வழியில் திருத்தங்களின் மொத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே, இரண்டிலும் 9. எது மேல் என்று அது சொல்லாது. வர்க்கமாக்கிப் பார்த்தால் முதலாவது 81, இரண்டாவது 27. ஒருவன் தலையிலேயே முழுச் சுமையையும் ஏற்றுவதை வர்க்கம் பொறுக்காது. க = 12.43, ம = 17.68, மொத்தம் 30.11.

இதனை அடையும் வழியும் எளிது. 'க' வரும் சமன்பாடுகளை, க-வின் கெழுவால் பெருக்கிக் கூட்டுக: 2க + ம = 42.54. 'ம' வரும் சமன்பாடுகளையும் அவ்வாறே செய்க: க + 2ம = 47.79. இரண்டு கணியம், இரண்டு சமன்பாடு. மாயர் தம் மதியால் குழு பிரித்துக் கூட்டினார் அல்லவா? லெஜாந்தர் அக்கூட்டலுக்கு விதி தந்தார். எந்தச் சமன்பாடு எக்குழுவில், எவ்வளவு எடையோடு நிற்க வேண்டும் என்பதைக் கெழுவே சொல்லிவிடுகிறது. கணக்கிடுபவனின் விருப்புவெறுப்புக்கு அங்கே வேலை இல்லை.

லெஜாந்தர் தம் முறைக்கு எடுத்துக்காட்டாக எதனைத் தேர்ந்தார் தெரியுமா? டன்கர்க்கு முதல் பார்சலோனா வரை தெலாம்பரும் மெஷேனும் அளந்த அதே வில்லைத்தான். ஐந்து இடங்களின் அட்சரேகைகள் அங்கே நிற்கின்றன. இறுதியில் நிற்பது மொஞ்சுயிக்கு. ஒவ்வோர் இடத்துக்கும் எத்தனை விகலை திருத்தம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதிக் காட்டினார். அவர் கையில் அது குற்றப்பத்திரிகை அன்று. கணக்கின் ஒரு வரி. மெஷேன் இன்னும் ஓராண்டு உயிரோடிருந்து இதனைக் கண்டிருந்தால் என்று என் மனம் எண்ணுவதுண்டு.

காவுசின் கதை பலரும் அறிந்ததாதலால் சுருங்கச் சொல்வேன். 1801 சனவரி முதல் நாள் பலெர்மோவில் பியாட்சி கண்ட செரசு என்னும் சிறுகோள், நாற்பத்தொரு நாளில் பார்வைக்கு மறைந்தது. இருபத்து நான்கு வயதுக் காவுசு அதன் பாதையைக் கணித்துத் தந்தார். அவ்வாண்டின் இறுதியில், அவர் சொன்ன இடத்தருகே அது மீண்டும் அகப்பட்டது. 1809-இல் வெளியிட்ட நூலில், மீச்சிறு வர்க்க முறையைத் தாம் 1795 முதலே கையாண்டு வருவதாக எழுதினார். லெஜாந்தருக்குப் பொறுக்கவில்லை, முதலில் அச்சிட்டவனுக்கே உரிமை என்று கடிதம் எழுதினார். காவுசு சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் பெட்டிக்குள் பூட்டி வைத்த கண்டுபிடிப்பால் ஊருக்கு என்ன பயன்? இவ்வகையில் என் வாக்கு லெஜாந்தருக்கே. பிழைகள் எவ்விதம் சிதறும் என்று வகுத்து, முறைக்கு அடித்தளம் இட்ட பெருமை காவுசையும் லாப்லாசையும் சாரும்.

தீர்க்கரேகை அளக்கும் பணி நம் முன்னோர் மண்ணையும் தொட்டது. 1802-இல் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, தென்னாட்டின் முக்கோண அளவையைத் தொடங்கினார். முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டே பெங்களூர் வரை சென்று, அங்கே மற்றோர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, கணக்கால் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார். ஏழு மைலுக்கு வேறுபாடு 3.7 அங்குலம். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் பல வாரம் தாமே முயன்று அதன் வட்டத்தைச் சீர்செய்தார். நெளிந்த வட்டத்தால் எத்தனை முறை அளந்தாலும் நெளிந்த கோணமே வரும். சராசரி அதனை நிமிர்த்தாது.

இவ்விடத்தில்தான் மெஷேனின் மூன்று விகலைக்கு விடை இருக்கிறது. 1828-இல் நிக்கொலே என்ற பிரெஞ்சு வானநூலறிஞர் பழைய அளவுகளை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். உச்சிக்கு வடக்கே கடக்கும் விண்மீன்களைத் தனியாகவும் தெற்கே கடப்பவற்றைத் தனியாகவும் பிரித்துப் பார்த்தார். கருவியில் ஒரு பக்கச் சாய்வு இருந்தது. வடக்கு நோக்குகளில் அது கூடியும் தெற்கு நோக்குகளில் குறைந்தும் வந்தது. இரு பக்கத்துக்கும் சம எடை கொடுத்ததும் கோட்டையும் விடுதியும் ஏறக்குறைய ஒத்துவந்தன. மெஷேனின் கையில் பிழை இல்லை, கண்ணிலும் இல்லை. சிதறும் பிழை வேறு, சாயும் பிழை வேறு. முன்னதைச் சராசரியும் வர்க்கமும் ஆற்றும். பின்னதை அவை தொடமாட்டா. ஒவ்வாத அளவுகளை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அது அகப்படும். அதற்கு அவ்வளவுகள் அழியாமல் இருக்க வேண்டும்.

நான் என் மாணவருக்கு 12.43, 17.68, 30.11 என்று கரும்பலகையில் எழுதிக் காட்டி, ஆளுக்கு மூன்று சென்டிமீட்டர் பங்கு என்று விளக்கி, சற்றுப் பெருமிதத்தோடுதான் நின்றேன். மறுவாரம் அந்நாடாவைக் கழுவிக் காயவைத்த பையன் ஒருவன் ஓடிவந்து, "ஐயா, சுழியம் இங்க இல்ல, உள்ள தள்ளி இருக்கு" என்றான். நாடாவின் நுனியில் ஒரு வளையம். வளையத்துக்கு அப்பால் எண்ணில்லாத வெற்றுத் துண்டு. அதன் பின்னரே சுழியக் கோடு. மண் படிந்திருந்ததால் அது தெரியவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் வளையத்தையே முனையாகப் பிடித்து அளந்திருக்கின்றனர். வரைகோலை வைத்துப் பார்த்தோம். வெற்றுத் துண்டின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்.

மூன்று அளவுகளிலும் ஒன்பது ஒன்பதாகக் கூட்டினோம். 12.49, 17.74, 30.23. முதலிரண்டையும் கூட்டச் சொன்னேன். அந்தச் சிறுமி கூட்டிப் பார்த்துவிட்டு, தன் நோட்டைப் புரட்டி, அழிப்பான் தேய்த்த பக்கத்தை எடுத்தாள். 30.05-இன் அடியில் பழைய எண்ணின் தடம் மங்கலாகத் தெரிந்தது. அதன் மேலேயே பேனாவால் 30.14 என எழுதினாள்.